12 பவுண்ஸுக்கு என் ஊரை எனக்கே காட்டினார்கள்

என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு கடித உறையைக் கையில் தந்தாள். உள்ளே இரண்டு டிக்கெட். தென் லண்டனில் இருக்கும் எங்கள் டூட்டிங்கின் பழைய கதையைச் சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போகும் ஒரு சுற்றுலா. ஞாயிறு காலை பத்தரைக்குத் தொடக்கம், இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 12 பவுண்ஸ். நான் 1991 முதல் டூட்டிங்கில் இருக்கிறேன். குடியிருக்கும் ஊரைப் பார்க்கக் காசா என்று கேட்க வாயெடுத்தேன். மனிசி முறைத்தாள். சரி, போனோம்.

சுற்றுலா நடத்துபவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், வழிகாட்டியாக வந்தவனோ நல்ல பெடியன். அவன் பிழைப்பில் மண்ணைப் போட மனமில்லை. லண்டனில் இப்படியான நடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, யாராவது போக நினைத்தால் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இன்னொரு விஷயம். எங்கட இலங்கைத் தமிழ் ஆக்கள் இந்த ஊரை 'ரூட்டிங்' என்றுதான் எழுதுவோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, எங்கே போக வழி கேட்கிறீர்கள் என்று கேட்டார். அதனால் இந்த ஒரு முறை டூட்டிங்.

டூட்டிங் பிராட்வே நிலைய வாசலில் ஏழாம் எட்வர்ட் அரசர் வெண்கலத்தில் நிற்கிறார் அல்லவா, அவர் காலடியில் கூடச் சொன்னார்கள். 1911-இல் வைத்த சிலை. எத்தனையோ வருடம் அதற்குப் பக்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன், அது யார் என்று ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. எங்களோடு சேர்த்து எட்டுப் பேர். புதிதாக வீடு வாங்கி வந்த ஓர் இளம் சோடி, நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, நாயோடு ஒருவர், அப்புறம் எதற்கு வந்தோம் என்று தெரியாத முகத்தோடு இரண்டு மாணவர்கள். வழிகாட்டி கால்மணி நேரம் பிந்தி வந்தான். மன்னிப்புக் கேட்ட விதம் நன்றாக இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் குறை இங்கேயே. கையில் ஒலிவாங்கி இல்லை. நான்கு ரோடுகள் முட்டும் அந்தச் சந்தியில், பஸ் ஒன்று பிரேக் போடும்போது அவன் சொல்லும் கதை ஒன்றும் கேட்காது. அந்தச் சத்தத்தில் என் பங்கும் ஒரு காலத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. வந்த புதிதில் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை, பிறகு பஸ் லைசென்ஸ் எடுத்து 19 வருடம் ஓட்டினேன். பெரும்பாலும் 155-ஆம் இலக்க பஸ். எலிஃபன்ட் அன்ட் காஸிலில் இருந்து ஸ்டொக்வெல், கிளப்பம், பாலம் வழியாக டூட்டிங் வரை.

ஆனால் பெடியன் தொடங்கிய இடம் அருமை. "இந்த ரோடு ஏன் இவ்வளவு நேராக இருக்கிறது, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டான். 19 வருடம் ஸ்டியரிங்கைப் பெரிதாகத் திருப்பாமல் ஓட்டின ரோடு அது. எனக்கு ஒரு நாளும் அந்தக் கேள்வி வரவில்லை. ரோமர்கள் லண்டனில் இருந்து சிச்செஸ்டருக்குப் போட்ட ஸ்டேன் ஸ்ட்ரீட் அதுதான் என்றான். இன்றைய ஏ24 ரோடு இந்தப் பகுதியில் அதன் மேலேயே போகிறது. ரோமர்கள் போய், சாக்சன் குடிகள் வந்து, ரோட்டோரத்தில் ஒரு சின்னக் கிராமம் உண்டாகியிருக்கிறது. 1086-இல் வில்லியம் அரசர் எடுப்பித்த டூம்ஸ்டே கணக்கில் இந்தப் பெயர் இருக்கிறது.

அடுத்து அவன் விளக்கியது, நான் கொடுத்த 12 பவுண்ஸில் ஆறு பவுண்ஸையாவது அப்போதே திருப்பித் தந்துவிட்டது. டூட்டிங் ஒன்றல்ல, இரண்டு. வடக்கே டூட்டிங் பெக், தெற்கே டூட்டிங் கிரேவ்னி. நோர்மன் படையெடுப்புக்குப் பிறகு ஒரு பங்கு நிலம் நோர்மண்டியில் இருந்த பெக் மடாலயத்துக்குப் போனது. மற்றப் பங்கைப் பிடித்திருந்த குடும்பத்தின் பெயர் கிரேவ்னல். என் மகள் ஆறு வயதில், "அப்பா, ஸ்டேஷன் பேரில ஏன் பெக் எண்டு இருக்கு?" என்று கேட்டாள். யாரோ பெக் என்று ஒரு வெள்ளைக்காரன் கட்டியிருப்பான் என்று சொல்லிச் சமாளித்திருந்தேன். ஃபிரான்சில் இருந்த துறவிகள் கடல் கடந்து இங்கே வாடகை எடுத்திருக்கிறார்கள். உள்ளூரில் இல்லாத வீட்டுக்காரன் என்பது இந்த ஊருக்குப் புதுசில்லை என்று மனிசியின் காதில் சொன்னேன். எங்கள் முதல் அறையின் சொந்தக்காரரை நாங்கள் நாலு வருடத்தில் ஒரு தரம்தான் கண்டோம்.

சுரங்க ரயில் நிலையத்தைப் பற்றி இரண்டே வரி. 1926-இல் மோர்டன் வரை பாதையை நீட்டியபோது சார்ல்ஸ் ஹோல்டன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது, முகப்பில் இருப்பது போர்ட்லண்ட் வெள்ளைக் கல். அவ்வளவுதான், அடுத்த இடத்துக்குத் துரத்தினான். அதுவும் சரி. அதற்கு மேல் நின்றிருந்தால் குளிரில் நாய் குரைத்திருக்கும்.

மிட்சம் ரோட்டில் கொஞ்சத் தூரம் நடந்தால் பிங்கோ மண்டபம். வெளியே நான்கு உயர்ந்த தூண்கள், ஏதோ பழைய வங்கி என்று நினைத்து ஆட்கள் கடந்து போவார்கள். 1931 செப்டெம்பரில் கிரனாடா சினிமாவாகத் திறந்தது. 3,000 பேர் இருந்து பார்க்கக்கூடிய இடம். உள்ளே அலங்கரித்தவர் தியடோர் கோமிசார்ஜெவ்ஸ்கி என்ற ரஷ்ய நாடக இயக்குநர். ஃபிராங்க் சினாட்ரா இங்கே பாடியிருக்கிறார், பீட்டில்ஸும் வந்திருக்கிறார்கள். 1973-இல் படம் நின்றது, 1976-இல் பிங்கோ வந்தது. 2000-ஆம் ஆண்டில் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் ஏற்றினார்கள். இந்த நாட்டில் ஒரு சினிமாக் கட்டடத்துக்கு அந்தத் தரம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பெடியன் இதையெல்லாம் அழகாகச் சொன்னான், ஆனால் உள்ளே கூட்டிப் போகவில்லை. வாசலில் நின்று கைப்பேசியில் படம் காட்டினான். காசு வாங்கிக்கொண்டு படம் காட்டுவதென்றால் நான் வீட்டிலேயே பார்த்திருப்பேனே! பிங்கோ கிளப் அது, 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் முறைப்படி போகலாம். இந்தச் சுற்றுலாக்காரர்கள் ஒரு வார்த்தை பேசி வைத்திருந்தால் பத்து நிமிடம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

நான் ஒரு தரம் போயிருக்கிறேன். எங்கள் டிப்போவில் ஒரு ஜமெய்க்கா அக்கா இருந்தார், ஓய்வு பெறும் நாளில் எல்லோரையும் பிங்கோவுக்கு இழுத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். பழைய தேவாலயம் மாதிரி கூர் வளைவுகள், சுவரில் பழங்காலப் பாடகர்களும் சீமாட்டிகளும் சித்திரமாக நிற்கிறார்கள். மேல்மாடியில் இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்த ஒரு நீண்ட நடைவழி, உங்கள் முகம் நூறாகப் பெருகும். அதற்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் வயதான ஆட்கள் தேத்தண்ணியோடு குனிந்து இலக்கம் அடிக்கிறார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்து இலக்கங்களை விட்டேன். எட்டுப் பவுண்ஸ் போனது. மனிசிக்கு இது வரைக்கும் தெரியாது, இனித் தெரியும்.

அங்கிருந்து சென்ட் நிக்கலஸ் கோயிலுக்கு நடந்தோம். இப்போது நிற்கும் கட்டடம் 1833-இல் எழுந்தது. அதற்கு முன் இருந்த பழைய கோயிலுக்கு வட்டமான கோபுரம். கிராமம் என்று சொல்லத்தக்க டூட்டிங்கின் கடைசி மிச்சம் இந்த மூலைதான், மரங்களும் மதிலும் கல்லறைகளும். போக்குவரத்துச் சத்தம் இங்கே குறைவு. பெடியன் குரலையும் இறக்கினான். லண்டன் நகரத்து வணிகர்கள் குதிரை வண்டியில் வந்து போகும் தூரத்தில் இருந்ததால், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே தோட்டத்தோடு பெரிய வீடுகள் கட்டினார்கள் என்று தொடங்கி, அந்தப் பெரிய மனிதர்களைப் பற்றியே பத்து நிமிடம் கதைத்தான். ஆசிரியை எழுதி எழுதிக் களைத்துப்போனார்.

நான் காத்திருந்தேன். சொல்வான் சொல்வான் என்று பார்த்தேன். "அடுத்ததாகப் பசும்புல் வெளிக்குப் போவோம்" என்றான். அப்போதுதான் கையைத் தூக்கினேன்.

முதுகு நோவால் மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் இருந்த காலத்தில் நான் பட்டர்சீ நூலகத்துக்குப் போய் இருப்பேன். வாண்ட்ஸ்வர்த் பகுதியின் பழைய ஆவணங்கள் அங்கேதான். டூட்டிங் என்று போட்டுத் தேடினால் திரும்பத் திரும்ப ஒரு பெயர் வந்தது: ட்ரூவே. பீட்டர் ட்ரூவே என்பவர் 1840-களில் டூட்டிங்கில் ஒரு பெரிய வீட்டில் ஏழைப் பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் தொழில் நடத்தினார். ஆமாம், தொழில். லண்டனின் வெவ்வேறு ஏழையர் நிர்வாகங்கள் தங்கள் பொறுப்பில் இருந்த அநாதைகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் இங்கே அனுப்பும், தலைக்கு வாரம் 4 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டும். 1848 முடியும் நேரத்தில் அங்கே சுமார் 1,400 பிள்ளைகள். ஒரு கட்டிலில் மூன்று பேர் படுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கொலரா புகுந்தது. சில வாரத்துக்குள் 180 பிள்ளைகள் அளவில் செத்துப்போனார்கள்.

கதை அதோடு முடியவில்லை. டூட்டிங் அப்போது இருந்த சரே மாவட்டத்து மரண விசாரணை அதிகாரி, விசாரணை தேவையில்லை என்று இருந்துவிட்டார். ஆனால் சில பிள்ளைகளை லண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே செத்தார்கள். அந்த இடம் தோமஸ் வேக்லியின் எல்லைக்குள் வந்தது. 'லான்செட்' மருத்துவ இதழைத் தொடங்கிய அதே வேக்லி. அவர் விடவில்லை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 'எக்ஸாமினர்' பத்திரிகையில் கோபமாக எழுதினார். ஒரு பிள்ளையின் சாவுக்காக ட்ரூவே மீது கொலைக்கு அடுத்த குற்றமாக வழக்குப் போட்டார்கள். 1849 ஏப்ரலில் விடுதலை. அந்தப் பிள்ளை கொலராவில் எப்படியும் இறந்திருக்காது, அவர் நடத்திய விதம்தான் கொன்றது என்று நிரூபிக்க முடியவில்லையாம்.

இதைத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று. பெடியனின் முகம் சிவந்தது. "என்னுடைய குறிப்பில் இருக்கிறது. ஞாயிறு காலையில் ஆட்கள் அதை விரும்புவதில்லை, இரண்டு முறை முறைப்பாடு வந்தது" என்றான். பொய் சொல்லாமல் சொன்னானே, அதற்கு மரியாதை. ஆனால் கல்லறை நிலத்தில் நின்றுகொண்டு செத்தவர்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்றால், வேறு எங்கே நின்று கதைப்பது? ஆசிரியை என் பக்கம் திரும்பி, எழுத்துக்கூட்டி அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னார்.

எனக்கு அந்தக் கதை சொல்லாமல் விட்டது ஒரு சம்பவத்தை விட்டதாகத் தெரியவில்லை, ஊரின் முதுகெலும்பையே விட்டதாகத் தெரிந்தது. கிராமமாக இருந்த டூட்டிங் எப்படிப் புறநகரானது என்று பாருங்கள். லண்டன் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள விரும்பாத ஒவ்வொன்றையும் இங்கே கொண்டுவந்து போட்டது. 1841-இல் சரே மாவட்டத்து மனநோயாளர் விடுதி. ஏழைப் பிள்ளைகள். லம்பெத்தில் பிணம் புதைக்க இடமில்லை என்று 1854-இல் பிளாக்ஷோ ரோட்டில் லம்பெத் மயானம். தொற்றுக் காய்ச்சல் பரவியபோது 1893-இல் ஃபவுன்டன் காய்ச்சல் ஆஸ்பத்திரி, ஆறு வருடத்தில் அதற்குப் பக்கத்தில் குரோவ் ஆஸ்பத்திரி. 1903-இல் டூட்டிங் பெக்கில் இன்னொரு மனநோயாளர் விடுதி. வணிகர்களின் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, இவையெல்லாம் நின்றன. இன்று அந்த 1841 விடுதி நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பியிருக்கின்றன. விற்கிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஸ்பிரிங்ஃபீல்ட் வில்லேஜ். கிராமம்! இருந்த கிராமத்தை விட்டுவிட்டு, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கிராமம் என்று பெயர்.

சரி, நடைக்கு வருகிறேன்.

பொதுப் புல்வெளியில் மனிசிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பெடியன் அதைக் கவனித்து நடையைக் குறைத்தான், நாங்கள் கேட்கவில்லை. இதற்காக அவனுக்கு ஒரு புள்ளி கூட்டுகிறேன். இங்கேயும் பெக், கிரேவ்னி என்று இரண்டு. 1870-களில் இரண்டையும் பொது நிலமாக வாங்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் இன்றைக்கு அங்கே வீடுகள்தான். நடுவே மரங்களோடு போகும் பாதைக்கு டொக்டர் ஜோன்சன் அவெனியூ என்று பெயர். அகராதி எழுதிய ஜோன்சன் பக்கத்து ஸ்ட்ரெதம் பார்க்கில் திரேல் குடும்பத்தின் வீட்டில் வந்து தங்குவாராம்.

நீச்சல் குளத்தை வெளியில் இருந்துதான் பார்த்தோம். 1906-இல் திறந்தது. வேலையில்லாத ஆண்களுக்கு வேலை கொடுப்பதற்காக வெட்டுவித்த குளம். நீளம் 100 யார், அகலம் 33 யார். உடுப்பு மாற்றும் சின்ன அறைகளின் கதவுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் அடித்திருப்பார்கள். கடும் குளிரிலும் இதில் குதிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று பெடியன் சொன்னபோது மனிசி, "இஞ்சாருங்கோ, இதுகளுக்கு வேற வேலையில்லையே" என்றாள். ஆசிரியை என்ன சொன்னார் என்று கேட்டார். குளம் அழகு என்று சொல்கிறார் என்றேன்.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: தொடங்கியதில் இருந்து இந்த இடம் வரைக்கும், ஒன்றரை மணி நேரம், கழிப்பறைக்கு நிற்கவில்லை. என் வயதுக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. டிக்கெட் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பி அப்பர் டூட்டிங் ரோடு பக்கம் வந்தபோது டோட்டர்டவுன் தெருக்கள் வழியாகக் கூட்டி வந்தான். இங்கே நான் எதிர்பார்க்காமல் நன்றாகச் செய்தான். செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டின வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் முகப்பில் ஏதோ ஒரு சின்ன வித்தியாசம். லண்டன் மாவட்ட சபை நகரத்துக்கு வெளியே, அடுக்குமாடியாக இல்லாமல் தோட்டத்தோடு வீடுகளாகக் கட்டின முதல் குடியிருப்பு இதுதான். 1901-இல் வேலை தொடங்கி பத்து வருடம், சுமார் 1,200 வீடுகள். ஒரு வாசலில் வீட்டுக்காரர் குப்பை வைக்க வந்து, எங்களைக் கண்டு தானும் நின்று கேட்டார். முப்பது வருடம் இங்கே இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது என்றார். நான் சிரித்தேன். 

ஆனால் ஏன் இங்கே கட்டினார்கள்? "நிலம் மலிவு" என்று பெடியன் நிறுத்திவிட்டான். பாதிதான் சரி. வேலைக்குப் போகிறவன் குடும்பத்தை இவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டுமென்றால், காலையில் அவனை மலிவாக நகரத்துக்குக் கொண்டுபோக வாகனம் வேண்டும். 1903 மே மாதம், சபையின் முதல் மின்சார டிராம் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் இருந்து வந்து நின்ற இடம் இதே டோட்டர்டவுன் தெரு முனை. வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ், அவரே தொடக்கி வைத்தார். டிராம் வந்தது, வீடு வந்தது, 23 வருடத்தில் சுரங்க ரயிலும் வந்தது, கிராமம் போனது. 1951-இல் இந்தப் பக்கத்து டிராம்களை நிறுத்தி அதற்குப் பதிலாக விட்ட பஸ்களில் ஒன்று 155.

இதைச் சொன்னபோது பெடியன் உண்மையிலேயே நின்றுவிட்டான். தன் தாள்களைப் புரட்டினான். அதில் டிராம் இருந்தது, பஸ் இல்லை. "நீங்கள் ஓட்டியது அதுவா?" என்று கேட்டான். அதுதான். 1903-இல் கூலிவேலைக்குப் போனவன் பிடித்த அதே தடத்தில், காலை ஐந்து மணிக்கு அலுவலகம் துடைக்கப் போகும் ஆபிரிக்கப் பெண்களையும் எங்கட ஆக்களையும் நான் ஏற்றிப் போனேன். இதை எனக்கு நானே ஒரு நாளும் கோர்த்துப் பார்த்ததில்லை. அந்தத் தெருவில் நின்றபோதுதான் கோர்வையாக வந்தது. 12 பவுண்ஸ் அங்கே முழுதாகச் சரிக்கட்டிப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

நடை முடிந்தது சந்தையில். டூட்டிங்கில் கூரை போட்ட சந்தை இரண்டு, 1930-இல் ஒன்று, 1936-இல் ஒன்று. பெடியன் இங்கே சொன்ன ஒரு வசனம் எனக்குப் பிடிக்கவில்லை. டூட்டிங் கடந்த பத்து வருடத்தில்தான் சாப்பாட்டுக்குப் பெயர் எடுத்தது என்றான். சந்தைக்குள் இப்போது இருக்கும் மதுக்கடைகளையும் மரப்பலகையில் பரிமாறும் கடைகளையும் மனதில் வைத்துச் சொன்னான். ஹை ஸ்ட்ரீட்டில் 1973-இல் தொடங்கின கேரளச் சாப்பாட்டுக்கடை இன்றைக்கும் இருக்கிறது, அதில் இருந்து நூறு அடிக்கு ஒன்றாகத் தோசையும் கொத்து ரொட்டியும் வரிசையாக வந்தன. அப்பர் டூட்டிங் ரோட்டில் முத்துமாரி அம்மன் கோயில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் நடந்தும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வந்து முப்பது, நாற்பது வருடமானவர்களுடைய கதையும் இந்த ஊரின் வரலாறுதான் என்று சண்டை போட அலுப்பாக இருந்தது. நாங்களும் வாடகை மலிவு, டியூப் இருக்கிறது என்று வந்தவர்கள்தான். டோட்டர்டவுனுக்கு வந்தவனும் அப்படித்தான் வந்தான்.

மனிசி வழக்கமான கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கினாள், ஒன்றைப் பெடியனுக்கும் கொடுத்தாள். அவன் ஒரு கடி கடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். கண் கலங்கியிருந்தது. மிளகாய்தான்.

விட்டுப்போன ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. சென்ட் ஜோர்ஜஸ் வைத்தியசாலை இந்த நடையில் இல்லவே இல்லை. 1733-இல் ஹைட் பார்க் முனையில் தொடங்கின ஆஸ்பத்திரி, அந்தக் காய்ச்சல் ஆஸ்பத்திரிகளின் நிலத்துக்கு மெல்ல மெல்ல வந்து 1980-இல் முழுதாகக் குடிவந்தது. பழைய கட்டடம் இன்று பெரிய பணக்கார ஹோட்டல். அந்த ஆஸ்பத்திரியில் மருத்துவம் கற்ற எட்வர்ட் ஜென்னர் 1796-இல் பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்தில் இருந்து அம்மைத் தடுப்பைக் கண்டுபிடித்தார் அல்லவா, அவளுக்கு அந்தக் கொப்புளத்தைக் கொடுத்த பசுவின் பெயர் புளொசம். அந்தப் பசுவின் தோல் டூட்டிங்கில், மருத்துவக் கல்லூரி நூலகச் சுவரில் தொங்குகிறது. என் மகள் அங்கே படித்தவள். பரீட்சைக்கு முதல் நாள் அதன் கீழே இருந்து படித்ததாகச் சொல்வாள். பசுவும் கூட இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது! வெளியாட்கள் நினைத்தபோது உள்ளே போக முடியாது, அது விளங்குகிறது. ஆனால் கல்லூரி வாசலில் நின்று இரண்டு நிமிடம் சொல்லியிருக்கலாம். பிங்கோவுக்கு வெளியே நின்று சொன்னானே.

போவதா வேண்டாமா என்று கேட்டால், போங்கள். டூட்டிங்கில் இருப்பவர்கள் கட்டாயம் போங்கள். மழைச் சட்டை எடுங்கள், வீட்டிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், சந்தியில் அவனுக்கு ஒட்டி நில்லுங்கள், முழங்கால் நோ உள்ளவர்கள் புல்வெளிக்கு முன் சொல்லிவிடுங்கள். கேள்வி கேளுங்கள். கேட்டால் அவன் நன்றாகச் சொல்கிறான், கேட்காவிட்டால் பணக்காரர் வீடுகளோடு நிறுத்திக்கொள்கிறான்.

நான்கு நட்சத்திரம் போடத்தான் கை போனது. அந்தப் பிள்ளைகளுக்காக ஒன்றைக் குறைத்திருக்கிறேன். "அப்பா, அதுக்கு அந்தப் பெடியன் என்ன செய்வான்?" என்கிறாள் மகள். மூன்றுதான்.